பதினேழாவது கேஸ்

பெருமாள்சாமியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லைதான். ஆனால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. லண்டனிலிருந்து வந்த ஒருத்தர் எழுதினார். அவர் எழுதின லட்சணத்துக்கும் நான்தான் காரணம் என்பதால், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

என் பேர் கோமளம். பெங்களூரில் சுகாதார இலாகாவின் மலேரியாப் பிரிவில், ஒரு சின்ன ஆபீசில் ஸ்டெனோவாக இருந்தேன். தாத்தா காலத்திலிருந்து எங்கள் குடும்பத்துக்கு மைசூர் சமஸ்தானத்து உத்தியோகம். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம், ஆபீசில் இங்கிலீஷ். மூன்றும் தெரியும் என்ற திமிர் எனக்கு நிறைய. கோபமோ மூக்கு நுனியில். அந்த ஆபீசில் என் தகப்பனார் வயசிலிருந்த அட்டெண்டர் பெருமாள்சாமியை முதல் நாளிலிருந்து 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை 'அம்மா' என்பார். இரண்டு பேருக்குமே அது தப்பாகத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் என்னையே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

பெருமாள்சாமி பெங்களூரிலேயே நீலசந்திராவில் ஒரு சந்தில் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. செத்துப்போன தம்பியின் மனைவி பாஞ்சாலி அடுத்த வீட்டில் இருந்தாள். அவள் கட்டட வேலைக்குப் போகிறவள். அங்கேதான் இவருக்கு இரண்டு வேளைச் சோறு. ஆபீசில் இவருடைய வேலை என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். கொசுவுக்குச் சாப்பாடு போடுவது.

ஆபீசுக்குப் பின்னால் கொசு வளர்க்கிற அறை ஒன்று இருந்தது. அதில் வலை அடித்த கூண்டுகள், ஒவ்வொன்றுக்கும் துணியால் தைத்த ஒரு வாய். சாயந்திரம் ஐந்தரை மணிக்குப் பெருமாள்சாமி சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டு, அந்தத் துணி வாய்க்குள் கையை விட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். பெண் கொசு ரத்தம் குடித்தால்தான் முட்டை வைக்கும். கூண்டுக்குக் கால் மணி நேரம். இவர் கைக்குப் பதிலாக முயல் வாங்கித் தரச் சொல்லி மேலே எத்தனையோ தடவை எழுதிப் போட்டோம். நானே மூன்று தடவை டைப் அடித்திருக்கிறேன். முயல் வந்தபாடில்லை.

"காய்ச்சல் வராதா உனக்கு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"இதுங்க இங்கயே முட்டைலருந்து வளந்ததும்மா. வெளி ஆளைக் கடிச்சதில்ல. இதுங்களுக்குக் காய்ச்சல்னா என்னன்னே தெரியாது" என்றார், ஏதோ தன் வீட்டுப் பிள்ளைகளைச் சொல்கிற மாதிரி.

வெளியில்கூட அவர் கொசுவை அடித்து நான் பார்த்ததில்லை. கையில் உட்கார்ந்தால் வாயால் ஊதி விடுவார். மலேரியா ஆபீசில் கொசுவை அடிக்காத ஒரே மனுஷன் என்று எல்லாரும் கேலி செய்வோம். அவரும் சிரிப்பார். இருபத்தொன்பது வருஷம் கடிபட்ட அந்தக் கைகள் இரண்டும் கோழித்தோல் மாதிரி சொரசொரவென்று இருக்கும்.

அவரை அந்த வேலைக்கு வைத்தவர் டாக்டர் ஹெப்பர்ன். எங்கள் ஆபீசில் அவர் படம் மாட்டியிருக்கும், வருஷத்துக்கு ஒரு நாள் மாலை போடுவோம். நீலசந்திராவில் அவருக்குக் கொசு துரை என்று பேர். 1929-லிருந்து ஐந்து வருஷம் பெங்களூரில் இருந்தார். ஏழு நாள் கொடுக்கிற காய்ச்சல் மருந்தை மூன்றே நாளில், அளவைக் கூட்டிக் கொடுத்துக் குணப்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவர். ஆபீசுக்குப் பின்னாலேயே ஒரு கொட்டகை போட்டுப் பத்தொன்பது காய்ச்சல்காரர்களைப் படுக்க வைத்து, அந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். பத்தொன்பது பேரும் பிழைத்தார்கள். அதிலிருந்து அவர் பேர் உலகம் பூராவும் பரவிவிட்டது.

1958 ஜனவரியில் லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஹெப்பர்னின் சிஷ்யர் டாக்டர் டெஸ்மண்ட் தன் குருவின் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதுகிறார், பெங்களூரில் அவர் குடியிருந்த இடம், வேலை செய்த இடம் ஒன்று விடாமல் பார்க்க வேண்டும் என்று. ஆபீஸ் அமளிதுமளிப்பட்டது. ஹெப்பர்னை நேரில் பார்த்த ஆள் பெருமாள்சாமி ஒருவர்தான், அதனால் இடம் காட்டுவது அவர். அவருக்குத் தமிழைத் தவிர இங்கிலீஷில் 'யெஸ் சார்' மட்டும் தெரியும், அதனால் மொழிபெயர்ப்பு நான்.

சூப்பரிண்டெண்ட் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பெரிய மனுஷன் வர்றார். நம்ம ஆபீசுக்கு நல்ல பேர் வரணும். ஏடாகூடமா எதுவும் வெளில வந்துடப்படாது. உன் வேலை நிரந்தரம் ஆகிற ஃபைல் என் மேஜைலதான் இருக்கு, தெரியுமோல்லியோ?" என்றார். தெரியும் என்றேன். அப்பா போன பிறகு என் சம்பளத்தில்தான் வீடு நடந்துகொண்டிருந்தது.

டெஸ்மண்ட் நல்ல மனுஷர்தான். நாற்பது வயசிருக்கும், வெயிலில் சிவந்துபோன மூக்கு. கக்கத்தில் ஹெப்பர்ன் எழுதின கேஸ் புத்தகத்தின் நகல். ஜீப்பில் முன்னால் அவர், பின்னால் நானும் பெருமாள்சாமியும். பெருமாள்சாமி அன்றைக்குச் சலவைச் சட்டை போட்டு முழுக்கையையும் பட்டன் வரை மூடியிருந்தார்.

காக்ஸ் டவுன் திரும்புகிற இடத்தில் என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார். "அம்மா, அவரு வெச்சிருக்கிற புஸ்தகத்துல கேஸ் ஒண்ணொண்ணும் தனித்தனியா எழுதியிருக்குமா?"

"இருக்கும். எதுக்கு?"

"பாக்கணும். வர்ற மார்ச்சோட எனக்கு சர்வீஸ் முடியுது. அதுக்கப்புறம் யாரு என்னை இப்படிப்பட்டவங்க பக்கத்துல விடப் போறாங்க?"

எனக்கு ஜீப் குலுக்கலில் தலைவலி. "சரி சரி, அப்புறம் பாக்கலாம்" என்று வாயை அடைத்துவிட்டேன்.

ஹெப்பர்ன் குடியிருந்த பங்களாவில் இப்போது ஒரு பள்ளிக்கூட வாத்தியார் குடும்பம் இருந்தது. ஹெப்பர்ன் மைக்ரோஸ்கோப் வைத்திருந்த வராந்தாவில் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. போட்டோ பிடிக்க வேண்டும், மிளகாயை எடுக்கச் சொல் என்றார் டெஸ்மண்ட். "நான் கால் வலிக்க உக்காந்து பரத்தினது, துரைக்காக எடுப்பேனா?" என்றாள் வாத்தியார் மனைவி. மிளகாயோடுதான் போட்டோ பிடித்தார். அடுத்தது, ஹெப்பர்ன் கொசுப்புழு பிடித்த குட்டை. அதை மூடி எத்தனையோ வருஷமாகி, அங்கே லாரிகள் நின்றன. "இங்கதான் சார். முழங்கால் தண்ணில நின்னு கரண்டியால மொள்ளுவாரு. நான் புட்டியைப் பிடிச்சுக்குவேன்" என்றார் பெருமாள்சாமி. டெஸ்மண்ட் லாரிகளையே சற்று நேரம் பார்த்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டார். உயர்ந்த மனுஷர்களின் சுவடைத் தேடிப் போகிறவர்களுக்குப் பாதி நேரம் இந்த மிளகாயும் லாரியும்தான் கிடைக்கும்போல.

கடைசியாக எங்கள் ஆபீசுக்குப் பின்னாலிருந்த கொட்டகை. டிடிடி டப்பாக்கள் அடுக்கியிருந்தோம், உள்ளே நுழைந்தாலே மூக்கு எரியும். டெஸ்மண்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். கோயிலுக்குள் வந்ததுபோல முகம் மாறிவிட்டது. "இந்த இடத்தில்தான் பத்தொன்பது பேர், பத்தொன்பது பேரும் குணமானார்கள். அவரிடம் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன்.

பெருமாள்சாமி நகரவில்லை. "பதினேழாவது கேஸ் என்னன்னு போட்டிருக்குது, கேளுங்கம்மா."

கேட்டேன். டெஸ்மண்டுக்கு ஒரே சந்தோஷம், கிழவருக்கு நம்பர்கூட ஞாபகம் இருக்கிறதே என்று. பக்கத்தைப் புரட்டி என்னிடமே கொடுத்தார். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். "பதினேழு. ஆண், வயசு இருபத்தி மூணு, கூலி. மூணு நாள் மருந்து. பூரண குணம். நாலாம் நாள் அறுவடைக்காகச் சொந்த ஊர் திரும்பினார். அவ்வளவுதான்."

"அது என் தம்பிம்மா" என்றார் பெருமாள்சாமி. "முனிகிருஷ்ணன். அவன் எந்த ஊருக்கும் போகல. செத்துட்டான்."

அவர் அங்கேயே ஒரு டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்று, டெஸ்மண்டின் முகத்தைப் பார்த்தே பேசினார். என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், ஒரு வார்த்தைகூட நான் மறக்கவில்லை.

"நான்தான் சார் அவனைக் கூட்டியாந்து இங்க படுக்க வெச்சேன். மூணு நாள்ல காய்ச்சல் விட்டுடுச்சு. துரை வீட்டுக்கு அனுப்பிட்டாரு, மறுநாள் ரத்தம் பாக்க வரச் சொல்லி. அன்னிக்கு ராத்திரியே கண்ணு மஞ்சளாப் போச்சு. ஒண்ணுக்குப் போனா டீ டிகாஷன் மாதிரி கறுப்பா வருது. விடிஞ்சதும் தம்பி பொண்டாட்டி என் கால்ல விழுந்தா, துரையைக் கூட்டிட்டு வா மாமான்னு. ஓடி வந்தேன். துரை இதே எடத்துலதான் நின்னுட்டிருந்தாரு. எங்க உன் தம்பி, ரத்தம் எடுக்கணுமேன்னாரு. எனக்கு வாயில வந்துடுச்சு சார், நல்லாயிட்டான், அறுவடைக்கு ஊருக்குப் போயிட்டான்னு. துரை என் தோளைத் தட்டிட்டு எழுதிக்கிட்டாரு. நான் வீட்டுக்குப் போயி, துரை ஊட்டிக்குப் போயிருக்காரும்மா, வர ஒரு வாரம் ஆகும்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன். மறுநாள் மத்தியானம் அவன் போயிட்டான்."

"ஏன்?" என்றேன். டெஸ்மண்டுக்காகக் கேட்கவில்லை. எனக்கே தாங்கவில்லை.

"சீசா கழுவுறவன் நான்தானேம்மா. அதுக்கு முந்தின வருஷம் ஆஸ்பத்திரில செத்த ஒரு காய்ச்சல்காரனோட மண்ணீரலை எடுத்துட்டு வந்து சீசாவுல போட்டு இந்த அலமாரில வெச்சிருந்தாங்க. தெனமும் தொடைப்பேன். துரைகிட்ட சொன்னா தம்பியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போவாங்க. அங்க செத்தா கிழிப்பாங்க. கிழிச்சுத் தைச்ச உடம்பை எங்க தெருவுல வீட்டுக்குள்ள ஏத்த மாட்டாங்க, வாசல்லருந்தே தூக்கிடுவாங்க. அவன் பொழைப்பான்னு எனக்குத் தோணல. செத்ததுக்கப்புறம் சீசாவுல அவனையும் நான் தொடைக்கணுமேங்கறது ஒண்ணுதான் மனசுல இருந்துச்சு. சொல்லியிருந்தா துரை காப்பாத்தியிருப்பாரோ என்னமோ. இருபத்தேழு வருஷமா அதையேதான் நெனைக்கிறேன். துரையோட புஸ்தகத்துல என்னால ஒரு பொய் இருக்குது. அதை எடுத்துட்டு, முனிகிருஷ்ணன்னு பேரு போட்டு, அவன் செத்துட்டான்னு எழுதச் சொல்லுங்க. அது போதும்."

கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக ஓடியது. துடைக்கவில்லை.

டெஸ்மண்ட் பதறிப்போய், "என்ன சொல்கிறார்?" என்றார்.

அந்த நிமிஷத்தில் நான் என்ன நினைத்தேன் என்று பின்னால் எத்தனையோ விதமாக எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கிழவருக்கு வேலை போகும், பென்ஷன் நிற்கும் என்று பயந்ததாகக்கூட. அதெல்லாம் சும்மா. எனக்கு என் ஃபைல்தான் ஞாபகம் வந்தது. பத்தொன்பதுக்குப் பத்தொன்பது என்று தொப்பியைக் கழற்றி நிற்கிற மனுஷரிடம், இல்லை ஐயா, பதினெட்டுதான் என்று சொன்னால் சூப்பரிண்டெண்ட் என்னைச் சும்மா விடுவாரா?

"தன் எஜமானை நினைத்து அழுகிறார். பத்தொன்பது பேரைப் பிழைக்க வைத்த கைகள் என்கிறார். எங்களுக்கெல்லாம் தகப்பன் மாதிரி இருந்தார் என்கிறார்" என்றேன் இங்கிலீஷில்.

டெஸ்மண்டின் கண்ணும் கலங்கிவிட்டது. நேரே போய்ப் பெருமாள்சாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

பெருமாள்சாமி என்னைப் பார்த்தார். "கேட்டும் கோவப்படலியேம்மா இவரு. எழுதுவாரா?"

"எழுதுவார்" என்றேன்.

மார்ச்சில் அவர் ஓய்வு பெற்றார். நான் நிரந்தரம் ஆனேன். இரண்டும் ஒரே வாரத்தில்.

அதற்கப்புறம் மாசம் ஒரு தடவை, பென்ஷன் வாங்க வரும்போது, என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார். "புஸ்தகம் வந்துச்சாம்மா?" வரவில்லை என்பேன். "பெரிய புஸ்தகமா இருக்கும், நேரமாகும்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போவார். வராமலே போய்விட வேண்டும், கப்பலோடு முழுகிவிட வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். எந்தத் தெய்வம் அதையெல்லாம் கேட்கும்?

1961 ஜூலையில் வந்தது. ஆபீசுக்கு ஒன்று, பெருமாள்சாமிக்கென்று கையெழுத்துப் போட்டு ஒன்று. கொட்டகை வாசலில் அவர் நிற்கிற போட்டோவும் இருந்தது. எதிர்ப்பக்கத்தில், 'கண்ணீர் வழிய அந்த முதிய ஊழியர் என்னிடம் சொன்னார்' என்று ஆரம்பித்து, அவர் சொன்னதாக நான் சொன்ன இரண்டு வாக்கியமும் மேற்கோள் குறி போட்டு, கமா பிசகாமல். பதினேழாவது கேஸ் பின்னால் பட்டியலில் பூரண குணமாகி ஊருக்குப் போயிருந்தார்.

அந்த வாரமே அவர் வந்துவிட்டார். போட்டோவைப் பார்த்தார், ஆனால் அதில் மனசு போகவில்லை. "படிங்கம்மா, எழுதியிருக்காரா?"

ஒரு நிமிஷம் சும்மா இருந்திருக்கலாம். கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி கண்ணை ஓட்டியபடி, இல்லாததைப் படித்தேன். "பதினேழாவது கேஸ், நீலசந்திரா முனிகிருஷ்ணன், மருந்து முடிந்த இரண்டாம் நாள் இறந்தார். இந்த உண்மையை அவருடைய அண்ணன் பெருமாள்சாமி மனம் திறந்து சொன்னார்" என்று. ஸ்டெனோ அல்லவா, வாக்கியம் தானாக வந்து விழுந்தது.

"இன்னொரு வாட்டி" என்றார். இன்னொரு வாட்டியும் அதையே படித்தேன். புத்தகத்தை வாங்கித் துண்டில் சுற்றிக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டார். எனக்கு. போகும்போது அவர் நடையே வேறாக இருந்தது. பொய்யானாலும் நல்லதுதானே, ஒரு மனுஷன் நிம்மதியாகப் போகிறானே என்று நினைத்து அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஒன்பதாம் நாள் பாஞ்சாலி வந்தாள். அதற்கு முன்னால் அவளை நான் பார்த்ததில்லை. ஐம்பது வயசு, சித்தாள் வேலை செய்து காய்த்துப்போன கை, தலையில் சிமெண்ட் தூசி. ஆபீஸ் வாசலில் செருப்பை விட்டுவிட்டு வந்து, அந்தப் புத்தகத்தை என் மேஜைமேல் வைத்தாள்.

"எங்க வீட்டுக்காரரு பேரு இதுல எங்க இருக்குது, காட்டுங்கம்மா. எனக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தையாவது தொட்டுப் பாத்துக்கறேன்."

அவள் நின்றபடியே சொன்னாள். "அன்னிக்கு இத எடுத்துட்டு வந்து என் முன்னால உக்காந்தாரு. அச்சுல வந்துடுச்சு பாஞ்சாலி, இனிமே ஊரே படிக்கும், வேற எவனாவது வந்து உன்கிட்ட சொல்றதுக்கு முன்னால நானே சொல்லிடறேன்னாரு. துரை ஊட்டிக்குப் போகலியாம். இங்கயே இருந்தாராம். நான் கால்ல விழுந்த அன்னிக்கு இந்த ஆளு துரையைப் பாத்துட்டு, ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்திருக்காரு. முப்பது வருஷம் அவருக்குச் சோறு போட்டேம்மா. எனக்கு இருவது வயசு அப்ப."

அவளிடமும் ஒரு பொய்யைப் படித்துக் காட்ட எனக்குத் தெம்பில்லை. "இதில் இல்லை" என்றேன். "எந்தப் பக்கத்திலும் இல்லை. நான்தான் இருக்கிறதாகச் சொன்னேன்." கொட்டகையில் நடந்தது, மேஜையில் நடந்தது எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவள் திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் தேவலை.

முந்தானையால் புத்தகத்தின் அட்டையைத் துடைத்தாள். பிறகு, "எழுதலன்னு தெரிஞ்சிருந்தா அவரு என்கிட்ட சொல்லியே இருக்க மாட்டாரு" என்றாள். "துரை ஊர்ல இல்ல, அது நம்ம தலையெழுத்துன்னு நெனச்சுக்கிட்டே நான் போயிருப்பேன்."

"நான் வருகிறேன். அவர்கிட்டே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்" என்று எழுந்தேன்.

"உக்காருங்க" என்றாள். அதட்டுகிற மாதிரி சொல்லவில்லை, களைத்துப்போன குரல். "என் கையால இனிமே அவருக்குச் சோறு இல்ல. அது வேற. ஆனா தம்பி பேரை எழுதிட்டாங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அது ஒண்ணுதான் இப்ப அவருகிட்ட மிச்சம். அதையும் புடுங்காதீங்க."

புத்தகத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

பெருமாள்சாமி அதற்குமேல் மூன்று வருஷம் இருந்தார். ஓட்டலில் சாப்பிட்டார், பாதி நாள் அதுவும் இல்லை. பென்ஷன் வாங்க வருவார், உடம்பு பாதியாகிவிட்டிருந்தது. "பாஞ்சாலி பேசறதில்லம்மா. பரவால்ல, அவ கோவம் நியாயம்தான். நீங்க அன்னிக்குச் சரியா எடுத்துச் சொன்னதாலதான் இது வெளிய வந்துச்சு" என்பார். நான் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருப்பேன். பாஞ்சாலி அடுத்த வீட்டிலேயே இருந்தாள். ஒரு பிடி சோறு கொடுக்கவில்லை, அந்தப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை என்று கடைசி வரைக்கும் சொல்லவும் இல்லை.